கம்பித் தும்பு வேண்டாம், தங்கச்சி

"கம்பித் தும்பு வேண்டாம், தங்கச்சி. அவருக்கு நோகும்."

மலர் அக்கா இதைச் சொன்னபோது நான் அவருடைய வரவேற்பறையில், பயர்பிளேஸுக்கு முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் சதுரமான உருக்குக் கம்பித் தும்பு, புகைக்கூட்டுக் கரியைச் சுரண்டுகிற தூரிகை. பக்கத்தில் முக்காலி ஒன்றில் விளக்கு எரிந்தது. விளக்குக்குப் பின்னால் அவருடைய கணவரின் படம், மாலையோடு. மனிதர் செத்து இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியவில்லை.

"ஆருக்கக்கா நோகும்?" என்று கேட்டேன்.

அவர் பயர்பிளேஸுக்குள்ளே, மேல்நோக்கிப் போகும் இருட்டைக் காட்டினார். "அவருக்குத்தான். உதுக்கதான் நிக்கிறார்."

பாத்றூமுக்குள்ளே மனிசன் குளிக்கிறார் என்று சொல்கிற அதே குரல். அழுகை இல்லை, நடுக்கம் இல்லை.

நான் இந்த ரொறன்ரோவில் எத்தனையோ புகைக்கூடு கூட்டியிருக்கிறேன். ரக்கூன் குட்டி போட்ட புகைக்கூடு, செத்த வாத்து கிடந்த புகைக்கூடு, மில்லிக்கனில் ஒரு வீட்டுப் புகைக்கூட்டுக்குள் ஒரு சோடிச் செருப்புக்கூட இருந்தது. அது எப்படி அங்கே போனது என்று அந்த வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் உள்ளே ஆள் நிற்கிறது, பார்த்துக் கூட்டு என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

தும்பு என்றால் ஒரே தும்பா?

போன கிழமை இந்தப் பத்தியில் நான் ஏணி வழுக்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: தும்புத்தடியால் கூட்டுகிற வேலைக்கு இவ்வளவு எடுப்பா என்று. அம்மா தாயே, எடுப்புத்தான். இதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

உள்ளே சுட்ட மண் குழாய் பதித்த பழைய புகைக்கூட்டுக்குக் கம்பித் தும்பு. அங்கே கரி கல்லோடு பிடித்துக்கொண்டிருக்கும், மெத்தென்ற தும்புக்கு அசையாது. உள்ளே பளபளவென்று உருக்குக் குழாய் இறக்கியிருந்தால் பிளாஸ்ரிக் தும்பு. அங்கே கம்பியை விட்டால் குழாய் கீறுப்பட்டு, கீறிய இடமெல்லாம் கறள் பிடித்துவிடும். குழாய் சதுரமென்றால் தும்பும் சதுரம். வட்டமென்றால் வட்டம்.

அளவு அதைவிட முக்கியம். சிறியதைப் போட்டால் புகைக்கூட்டுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டு வரலாம், வேறு பலன் இல்லை. பெரியதைப் போட்டால் இறுகிவிடும். கம்பித் தும்பை நடுவழியில் திருப்பவும் ஏலாது. கம்பியெல்லாம் கீழ்நோக்கி மடிந்து நிற்கும், இழுத்தால் கொழுவிக்கொள்ளும். ஏற்றினால் உச்சிவரை ஏற்றி, வெளியே ஆகாயத்தில் தும்பு ஒருதரம் விரிந்த பிறகுதான் இறக்கவேண்டும்.

அந்த இடம் கைக்குத் தெரியும். அதுவரை பாரமாக இருந்த தடி திடீரென்று லேசாகும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே நிமிஷம் அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குத் தேவைப்படும்.

மந்திரக்காரி

மலர் அக்கா என்னைக் கூப்பிட்டதே ஒரு விசித்திரமான தொலைபேசிப் பேச்சில்தான்.

"புகைக்கூடு கூட்டுற பிள்ளையோ? கரி விழுகுது. அவற்ற படத்துக்கு மேலயே விழுகுது. அந்தியேட்டிக்கு ஐயர் வர முதல் துப்பரவாக்க வேணும்."

"ஓமக்கா, நாளைக்கு வாறன். மறுகா, வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க."

'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் மறுகா, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். "மறுகாவோ? நீர் மட்டக்களப்போ?"

"ஓம்."

"அப்ப நல்லது" என்றார், பெரிய ஆறுதலோடு. "உமக்கு விளங்கும்."

எனக்கு உடனே கோபம் வந்தது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எங்களைப் பற்றி ஒரு எண்ணம் இருக்கிறது. மட்டக்களப்பில் பிறந்த எல்லாருக்கும் மந்திரம் தெரியும், எங்கள் பாயில் குந்திய ஆள் மந்திரத்தில் ஒட்டி எழும்பாது என்று. கலியாண வீட்டில் என் கையால் பாயாசம் வாங்கமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் இருக்கிறார்கள். பகிடி என்பார்கள். பாயாசத்தை மட்டும் தொடமாட்டார்கள். எனக்கு மந்திரமும் தெரியாது, மாயமும் தெரியாது. கிரெடிட் கார்ட் பின் நம்பரே அடிக்கடி மறந்துபோகும்.

எனக்கு என்ன விளங்கும் என்று மலர் அக்காவிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் அப்போதே சொல்லியிருப்பார்.

மூச்சு

வெக்ஸ்போர்ட்டில் பழைய செங்கல் வீடு. ஒற்றை மாடி. முதல்நாள் கொட்டிய பனி கூரை முழுவதும் கிடந்தது. சாமான் ஏற்றிவந்த என் வானை வாசலில் நிறுத்திவிட்டு வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தேன். புகைக்கூட்டின் தலையிலும் பனி, அதன் விளிம்பைச் சுற்றி ஐஸ் தாடி தொங்கியது. புகை போகிற வாயில் ஐஸ் எப்படித் தொங்கும் என்று மனதில் சின்னதாக ஒன்று உறுத்தியது. கூரை வழுக்கும், முதலில் உள்ளிருந்து பார்ப்போம் என்று உள்ளே போனேன்.

பயர்பிளேஸில் அந்த வீட்டார் ஒருநாளும் விறகு எரித்ததில்லை, கரியெல்லாம் முன்பு இருந்தவர்கள் எரித்தது. வந்த நாளிலிருந்து அதைச் சாமியறையாகவே வைத்திருந்தார்கள். பாதி ஸ்காபரோ அப்படித்தான். செத்தவீட்டுத் துடக்கு என்பதால் இப்போது அக்கா சாமிப் படங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மனிதரின் படத்தையும் விளக்கையும் வைத்திருந்தார். நான் கூட்டுவதற்காக இரண்டையும் முக்காலிக்கு மாற்றினோம். விளக்கை அக்காதான், சுடர் அணையாமல் கையால் மறைத்துத் தூக்கினார்.

"நூரக் கூடாது தங்கச்சி. துவக்கத்தில ஒரே நூந்து நூந்து போச்சுது, மேலால காத்து வந்து. நான் கிடந்து அழுதன். பிறகு நிண்டிட்டுது. அதுக்குப் பிறகுதான் அவர் வாறவர்."

"எப்பிடி வருவார்?"

"கீழ பேஸ்மென்ரில ஒரு சத்தம் கேக்கும். அவர் படியேறி வாற மாதிரி. பிறகு உதுக்கால சூடாய் மூச்சு வரும். விளக்கு என்ர பக்கம் சாயும். இஞ்ச பாரும்."

படத்தைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் நீர் முத்து முத்தாக வழிந்த தடம். மனிதரின் வாய் இருக்கும் இடத்தில் அது கூடுதலாக இருந்தது.

அக்கா சோபாவில் சாய்ந்தார். முகம் வெளிறி, கண் செருகியிருந்தது. "இரவு பகல் இதிலதான் கிடக்கிறன். தலையிடி, வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரி. கவலைதானே. மகன் அஜக்ஸில தன்ர வீட்டுக்கு வா வா எண்டுறான். நான் போனா, அவர் வந்து பாத்து நான் இல்லாட்டி என்ன செய்வார்?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சண்டை பிடிக்க மனம் வரவில்லை. கம்பித் தும்பைக் கீழே வைத்துவிட்டு வானுக்குப் போய் மெத்தென்ற பிளாஸ்ரிக் தும்பை எடுத்துவந்தேன். அது அந்த மண் குழாய்க்குப் பிழையான தும்பு. இருந்தாலும் அக்கா அதை வாங்கி, தன் கன்னத்தில் தடவிப் பார்த்துவிட்டு, "உது பரவாயில்லை" என்று திருப்பித் தந்தார்.

டொக்

கரி அறைக்குள் வராமல் பயர்பிளேஸின் வாயைத் துணித் திரையால் மூடினேன். திரையில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் தடி. ஒரு தடி ஏறியதும் அடுத்ததைத் திருகிப் பொருத்துவேன். சாமான் ஏற்றி இறக்க வாசல் கதவு இவ்வளவு நேரமும் திறந்து கிடந்ததில் வீடு நன்றாகக் குளிர்ந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தள்ளத் தொடங்கினேன்.

தும்பு சுகமாக ஏறியது. தடியின் நீளத்தைப் பார்த்தால் உச்சி வந்திருக்கவேண்டும். கை லேசாவதற்குக் காத்திருந்தேன்.

லேசாகவில்லை. டொக்.

தட்டையான ஏதோ ஒன்றில் தும்பின் இரும்புத் தலை இடித்தது. கொஞ்சம் இறக்கி மறுபடி தள்ளினேன். டொக். செங்கல் அப்படிச் சத்தம் போடாது. உள்ளே வெறுமையான, மெல்லிய பலகையின் சத்தம்.

சோபாவில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கண் அகல விரிந்திருந்தது.

"கேட்டதே? உது அவர் கரம் போர்ட்டில காய் அடிக்கிற சத்தம்!"

"என்னக்கா?"

"அவற்ற கரம் போர்ட் சத்தம் தங்கச்சி! கல்யாணம் கட்டின நாளில இருந்து கேட்ட சத்தம் எனக்குத் தெரியாதே? இன்னொருக்காத் தட்டும்!"

நான் தட்டவில்லை. நான் பயந்த ஆள் இல்லை. ஆனால் அந்த நேரம் அந்தப் பலகைக்கு மேலிருந்து யாராவது திருப்பித் தட்டியிருந்தால் நான் செத்தே போயிருப்பேன்.

திருப்பித் தட்டவில்லை. பதிலாக, கீழே பேஸ்மென்ரில் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட உறுமல்.

"வாறார்" என்றார் அக்கா, மெல்லிய குரலில், தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு.

ஒழுங்கான புகைக்கூடு மேலே இழுக்கும். திரை போட்டால் திரை உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். இந்தத் திரை மெல்ல மெல்ல என் பக்கம் வீங்கியது. பின்னால் ஒரு ஆள் நின்று முதுகால் தள்ளுகிறதுபோல் வயிறு வைத்து வந்தது. தடி போகும் ஓட்டையால் ஈரச் சூடு என் மணிக்கட்டில் பட்டது. விளக்குச் சுடர் அக்காவின் பக்கம் சாய்ந்தது. படத்தின் கண்ணாடி என் கண் முன்னாலேயே மங்கியது.

அப்போதுதான் என் கருவிப் பையில் தொங்கிய சின்னப் பெட்டி வீரிட்டுக் கத்தத் தொடங்கியது.

அதன் வேலை ஒன்றே ஒன்றுதான். மணமும் நிறமும் இல்லாமல் ஆளைத் தூக்கத்திலேயே கொல்லும் காஸ் ஒன்று இருக்கிறது, காபன் மொனொக்சைட். அது இருந்தால் இது கத்தும். ஐஸ் தாடி, பலகைச் சத்தம், வீங்கிய திரை எல்லாம் எனக்கு ஒரேயடியாக விளங்கியது. புகைக்கூட்டின் வாயை யாரோ மூடியிருக்கிறார்கள். அந்தச் செங்கல் தூணுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய். ஒன்று இந்தப் பயர்பிளேஸுக்கு, மற்றது கீழே பேஸ்மென்ரில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்கு. வீடு குளிர்ந்ததும் ஃபேர்னஸ் எரியத் தொடங்கியிருக்கிறது. அதன் புகை மேலே போய், மூடியில் இடித்து, இந்தக் குழாயால் திரும்பி, இந்த மனிசியின் முகத்துக்கு நேரே இறங்குகிறது. ஒவ்வொரு நாளும். அவர் அதைப் புருஷனின் மூச்சு என்று குடித்துக்கொண்டு கிடக்கிறார்.

"அக்கா, எழும்புங்க! வெளிய வாங்க! நஞ்சு!"

"உந்தப் பெட்டியை நூர்த்துவிடும், அவர் வாற நேரத்தில" என்றார் அவர் எரிச்சலோடு. "எங்கட வீட்டிலயும் ஒண்டு இருந்தது. சாம்பிராணி போட்டாலும் கத்தும், தாளிச்சாலும் கத்தும். கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டிட்டன்."

ஆறு வட்டம், எட்டு வட்டம்

கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா என்னைவிடப் பாரம். சோபாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் வரமாட்டன், நான் வரமாட்டன்" என்று குழந்தைபோல் அழுதார். எனக்கும் நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறிக்கத் தொடங்கியது. பெட்டி கத்துகிறது, திரை வீங்கிக்கொண்டே இருக்கிறது. விளங்கப்படுத்த நேரமில்லை. விளங்கப்படுத்தினாலும் அவர் வரப்போவதில்லை.

என்ன நினைத்தேனோ தெரியாது, அக்காவின் கையை விட்டேன். திரைக்கு முன்னால் நேராக நின்று, கண்ணை மூடி, இரண்டு கையையும் அதை நோக்கி நீட்டினேன்.

"ஓம்..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மந்திரம் தெரிந்தால்தானே வரும்? வாயில் வந்தது அன்றாடம் கடையில் கேட்டு வாங்குகிற தும்பு அளவுகள்தான். அதையே அடித்தொண்டையில் இழுத்தேன்.

"ஆறு வட்டம்... எட்டு வட்டம்... எட்டுச் சதுரம்... எட்டும் பன்னிரண்டும் நீள்சதுரம்... பதின்மூன்று சதுரம்... கம்பி, கம்பி, கம்பி..."

அக்காவின் அழுகை நின்றது. நான் கண்ணைத் திறந்து, என்னால் முடிந்த அளவு முழித்துப் பார்த்தேன்.

"சொல்றார். வெளிய போகச் சொல்றார். உடன போகட்டாம்."

"அவரோ?"

"அவர்தான். கோவத்தில நிக்கிறார். கெதியா!"

வாழ்நாள் முழுக்க நான் வெறுத்த ஒரு பெயர் அன்று எனக்கு உதவியது. மலர் அக்கா எழும்பினார். கால் தள்ளாட, என் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் பனிக்குள் வந்தார். விளக்கை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

பனியில் கிடந்த பலகை

அவரை வானில் ஏற்றிப் போர்வையால் சுற்றிவிட்டு நைன் வன் வன்னுக்கு அடித்தேன். பிறகு அஜக்ஸில் இருந்த மகன் கஜனுக்கு. காத்திருந்த நேரத்தில் அக்கா என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"வேற என்ன சொன்னவர்?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் ஏலாமல் போனது.

"சாப்பிடச் சொன்னார்" என்றேன்.

அக்கா தலையாட்டினார். "சொல்லுவார்" என்றார்.

தீயணைப்புப் படை வந்தது. வீட்டுக்குள் போய் அளந்து பார்த்துவிட்டு வந்தவர் எல்லா ஜன்னலையும் திறக்கச் சைகை காட்டினார். இன்னொருவர் கூரைக்கு ஏறினார். புகைக்கூட்டின் வாயிலிருந்து முதலில் இரண்டு கல், பிறகு ஒரு தார்ப்பாய், பிறகு ஒரு பெரிய சதுரப் பலகை இறங்கியது. அதைப் பனியில் வைத்தார்கள். மூலைக்கு ஒன்றாக நாலு ஓட்டை.

கரம் போர்ட். மனிதருடைய கரம் போர்ட். விளையாடுகிற பக்கம் கீழே பார்க்க வைத்திருந்ததால் அதில் கரியாலே இரண்டு கறுப்புச் சதுரம் விழுந்திருந்தது, பக்கத்தில் பக்கத்தில்.

கஜன் காரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தான். முப்பது வயசிருக்கும். பலகையைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"ஓ மை கோட். நான்தான் அன்ரி வைச்சனான். விளக்கு நூருதெண்டு அம்மா ஒரே அழுகை. கராஜில பொருத்தமான சைஸில உதுதான் இருந்தது. ஐ டிடின்ற் நோ. அதில ஃபேர்னஸும் போகுது எண்டு எனக்குத் தெரியாது அன்ரி." பனியில் குந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். இன்னொரு குளிர் இரவு போயிருந்தால் அந்த வீட்டில் இரண்டு அந்தியேட்டி. அதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது.

அம்புலன்ஸில் ஏற்றும்போது மலர் அக்காவின் மூக்கில் ஒட்சிசன் குழாய். விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த தூக்கம் கலைந்து, முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தீயணைப்புக்காரர் சொன்னது, கஜன் சொன்னது எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எல்லாம் விளங்கியும் இருந்தது. என்னைக் கிட்ட வரச் சொல்லிக் கை காட்டினார். குனிந்தேன்.

"தங்கச்சி, உந்தப் பலகையைத் திருப்பி வைக்க ஏலாதோ? கொஞ்ச நேரத்துக்கு மட்டும்?"

அன்று பகல் நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் பயப்படுத்தியது வீங்கிய திரை இல்லை. இந்தக் கேள்விதான்.

இரண்டாம் முறை

அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்க மறுபடி போனேன். ஃபேர்னஸ் புதியது. லாச்சிக்குள் கிடந்த பெட்டிக்குப் பதிலாகக் கஜன் மூன்று வாங்கி மூன்று இடத்தில் பூட்டியிருந்தான். புகைக்கூட்டின் தலையில் காற்றுக்குத் தாங்கும் ஒழுங்கான மூடி. விளக்கை அலுமாரிப் பக்கம் மாற்றி, சுற்றிக் கண்ணாடி வைத்திருந்தார்கள். படத்தின் கண்ணாடி உலர்ந்திருந்தது. கரம் போர்டை யாரோ துடைத்துச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார்கள், அந்த இரண்டு சதுரமும் மட்டும் போகவில்லை.

மலர் அக்காவுக்கு நிறம் திரும்பியிருந்தது. தலையிடி இல்லையாம். நல்லாச் சாப்பிடுகிறாராம். எனக்கு ரீ போட்டுத் தந்துவிட்டு, அதே சோபாவில் இருந்தார்.

வீடு மிகவும் அமைதியாக இருந்தது. கீழே புது ஃபேர்னஸ் வேலை செய்ததுகூடக் கேட்கவில்லை. அக்கா அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டே இருந்ததைக் கண்டேன்.

துணியை விரித்து, திரையைக் கட்டி, பிளாஸ்ரிக் தும்பைத் தடியில் பூட்டினேன். திரை மெல்ல உள்பக்கம் ஒட்டிக்கொண்டது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"கம்பித் தும்பு கொண்டரேல்லையோ?"

"வானில இருக்கக்கா."

"அதாலயே கூட்டும் தங்கச்சி" என்றார். "இனி ஆருக்கு நோகப்போகுது."

எழும்பி வெளியே போனேன். வான் கதவைத் திறந்து கம்பித் தும்பைக் கையில் எடுத்தேன். அந்தக் குழாய்க்குச் சரியான தும்பு அதுதான், அளவும் அச்சொட்டு. கம்பி நுனியை என் கன்னத்தில் தடவிப் பார்த்தேன், நொந்தது.

அதைத் திருப்பி வானில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போய், "வானில இல்லை அக்கா, வீட்டில மறந்துபோய் வந்திட்டன்" என்றேன்.